பத்து நிமிடம் வாய் மூடிய கதை

கல்முனையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் உளநல, சமூக சேவைகள் படிக்கச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது. வாயால் பிழைக்கிற படிப்புத்தானே, எனக்கில்லாத வாயா என்று துணிந்து இறங்கினேன். முதல் செய்முறைப் பரீட்சையிலேயே சறுக்கிவிட்டேன். ஆலோசனை கேட்டு வந்தவளாக நடிக்க எதிரில் இருந்தவள் "நித்திரை வருதில்ல" என்று தொடங்கி மூச்சு விடுவதற்குள், சூடான பால், மல்லித் தண்ணி, யாசீன் ஓதல் என்று மூன்று வைத்தியம் சொல்லி முடித்திருந்தேன்.

மிஸ் சிரித்துவிட்டார். "வீட்டில ஒரு ஆளப் பத்து நிமிசம் கதைக்க விட்டுக் கேளுங்க. ஒரு கேள்விதான். புத்தி சொல்லப்படாது. போன்ல பதிஞ்சு கொண்டு வாங்க." அதிலும் தவறினால் அடுத்த வருடம்தான்.

கணவரைப் பிடித்து உட்கார வைத்தேன். கட்டாரில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர், திரும்பவும் போவதற்கு வியாழக்கிழமை ஏஜென்சியில் பாஸ்போட்டைக் கொடுக்க இருந்தார். காசுக்காகத்தான் என்று நானே முடிவுகட்டி, இங்கேயே கடை போடலாம், வயல் செய்யலாம் என்று ஒரு மாதமாகப் புத்தி சொல்லிக் களைத்திருந்தேன். 'நீங்க போனா எனக்கு ஏலாது' என்பதைச் சொல்ல மட்டும் இந்தப் பெரிய வாய்க்கு வரவில்லை.

"ஏன் போகப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. தெருவில் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

"அங்க எனக்கெண்டு ஒரு அடுப்பு இருந்தது, புள்ள" என்றார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். மாப்பிள்ளைக்கு மரியாதை பெரிது. குசினிக்குள் கால் வைக்க விடமாட்டோம். இவர் கேத்தலைத் தொட்டாலே என் உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுவார்.

"பதினொரு வருசமா நான் இந்த வீட்டில விருந்தாளி. ஒரு தேத்தண்ணி நானா ஊத்திக் குடிச்சதில்ல. விருந்தாளி எவ்வளவு நாளைக்கு இருக்கிற?"

என்னிடம் நாற்பது பதில் இருந்தது. அத்தனையையும் விழுங்கினேன். அழுகையைத்தான் விழுங்க முடியவில்லை. அதுவும் போனில் பதிந்துவிட்டது. அதைக் கேட்டு மிஸ் பாஸ் போட்டது பிறகு.

வியாழன் காலை உம்மாவின் கையைப் பிடித்து முன்மண்டபத்தில் உட்கார வைத்தேன். குசினிக்குள் இவர் தனியே பாத்திரம் உருட்டினார்.

"மருமகனக் குசினிக்க விட்டிருக்கமெண்டு ஊர் அறிஞ்சா என்ன கதைக்கும் மகள்?" என்றார் உம்மா. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

தேத்தண்ணி வந்தது. உம்மா ஒரு மிடறு குடித்தார்.

"இஞ்சி காணாது" என்றார், சுவரைப் பார்த்து.

"நாளைக்கு இன்னும் கூடப் போடுறன் மாமி" என்று குசினிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

பாஸ்போட் அன்று அலுமாரியை விட்டு வெளியே வரவில்லை.