அம்மன் பாறையில் பூத்த பூ

எங்கள் ரப்பர் தோட்டத்தில் அந்தப் பூவுக்கென்று தனிப் பெயரே கிடையாது. பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள் புறாவின் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். நாங்கள் மரத்துப் பூ என்போம். அது பாறையிலும் பூத்ததைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. மண்ணே வேண்டாம் அதற்கு. ஆற்றங்கரைத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளையிலும், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாலிருந்த பாறையிலும் வேரை ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். பார்த்தால் காய்ந்த குச்சி என்றுதான் சொல்வீர்கள். திடீரென்று ஒரு நாள் விடியற்காலையில் எல்லா மரத்திலும் ஒரே நேரத்தில் வெள்ளைவெளேரென்று பூத்து நிற்கும். வாசனை நாங்கள் குடியிருந்த லயம் வரைக்கும் வரும். சாயங்காலம் தலை தொங்கிவிடும். மறுநாள் ஒன்றும் இருக்காது.

இதுகளுக்கு யார் நாள் குறித்துக் கொடுக்கிறார்கள்? ஆறு வயதில் எனக்கு இருந்த பெரிய கவலை அதுதான். அம்மாவைக் கேட்டால், "பேசாம வாளியத் தூக்குறியா, வாய்ல ஒண்ணு போடவா?" என்பாள். அப்பாவைக் கேட்கத் தைரியம் இல்லை. சித்திதான் உட்கார்ந்து பதில் சொல்வாள்.

"நல்லா மழை கொட்டி, உடம்பு சிலுசிலுன்னு குளிரணும். அதுக்கப்புறம்தான் மொட்டு பெருக்கும். ஒரு வாரம் போகட்டும் பாரு, எல்லாம் ஒண்ணா தொறந்துக்கும்."

சித்தி அம்மாவின் தங்கை. அம்மாவோடு கப்பலேறி வந்தவள், எங்கள் லயத்து வீட்டிலேயே இருந்தாள். அந்த வருஷம் அவள் கல்யாணப் பேச்சில் வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. குளுவாங் ரயில் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிற ஒருவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கங்காணியின் மச்சானுக்குக் கொடுத்துவிடலாம் என்று அப்பா நினைத்தார். மச்சான் மனைவியை இழந்தவர். மீசையெல்லாம் நரை. எனக்கு அவரைக் கண்டாலே பயம்.

"ஊரு பேரு தெரியாத பயலுக்கு எப்படிடி குடுக்கிறது?" என்று அப்பா அம்மாவிடம் கத்துவார். சித்தி அழுவாள், சாப்பிட மாட்டாள். கடைசியில் அம்மாதான் வழி சொன்னாள். கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் அம்மன் முன்னால் வைத்து, ஒன்றும் அறியாத குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் ஸ்டேஷன்காரர், சிவப்பு வந்தால் கங்காணி மச்சான். அம்மன் சொன்னால் சொன்னதுதான் என்று அப்பாவும் ஒப்புக்கொண்டார். அந்த ஒன்றும் அறியாத குழந்தை நான்.

வருகிற வெள்ளிக்கிழமையே பார்க்கலாம் என்றார் அப்பா. அன்றைக்குச் சித்திக்குத் தலைவலி. அடுத்த வெள்ளி வயிற்றுவலி. எத்தனை வலி வந்தாலும் சாயங்காலமானால் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாறைக்குப் போய் மொட்டுகளைப் பார்ப்பதை மட்டும் அவள் விடவில்லை. எனக்குக் கொண்டாட்டம். அந்தப் பூவென்றால் எனக்கு உயிர். பூக்கிற நாளெல்லாம் அதை மூக்கில் வைத்தபடியே திரிவேன் என்று லயத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் பாறை முழுக்கப் பூத்திருந்தது. ஒரே ஒரு பூ கேட்டேன். எப்போதும் கேட்காமலே பறித்துத் தருகிற சித்தி, "தொடாத! சாமிக்கு!" என்று கையைத் தட்டிவிட்டாள். அழுது புரண்டு பார்த்தேன். ம்ஹூம். சோறு வேண்டாம் என்றேன். அதற்கும் அசையவில்லை.

"மாமா, இன்னிக்கே கேட்டுடலாம். செவ்வாக்கிழமை வேற. அம்மன் பாறையிலேயே வெள்ளப்பூ பூத்து நிக்குது" என்று அப்பாவிடம் சொன்னாள். பால் வெட்டக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா ஒரு நிமிஷம் நின்றார். அவருக்கும் மெய்சிலிர்த்திருக்க வேண்டும். "சரி, மத்தியானம் வந்து போலாம்" என்றார்.

மத்தியானம் கோயில் பண்டாரமே உள்ளே போய், மரத்துப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் செம்பருத்தியை இன்னொன்றிலும் மடித்து நார் கட்டிக்கொண்டுவந்தார். யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. சித்தி பக்கத்தில்கூட வரவில்லை. கைகூப்பித் தூணோரம் நின்றாள்.

"கண்ண மூடிக்கிட்டு ஒண்ண எடு பாப்பா" என்றார் பண்டாரம்.

கண்ணைத்தான் மூடச் சொன்னார், மூக்கைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. நான் குனிந்தேன். காலையிலிருந்து எனக்குக் கிடைக்காத வாசனை இலையைத் தாண்டி வந்தது. செம்பருத்திக்கு ஏது வாசனை? விட்டால் போய்விடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன்.

பண்டாரம் பிரித்தார். வெள்ளை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா அம்மனைக் கும்பிட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டு, "ஆத்தா சொல்லிட்டா. அந்தப் பையன ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார். நல்ல மனுஷன், பேச்சு மாறவில்லை.

பண்டாரத்துக்கு ஒரே உற்சாகம். என் தாடையைப் பிடித்து ஆட்டி, "அம்மன் உன் காதுல என்னா சொன்னா பாப்பா?" என்று கேட்டார். அம்மன் ஒன்றும் சொல்லவில்லையே. உள்ளதைச் சொல்லலாம் என்று, "அதுல வாசன..." என்று வாயைத் திறந்தேன்.

தூணோரத்திலிருந்து சித்தி பாய்ந்து வந்தாள். என்னை வாரி எடுத்து, பூசைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தை உரித்தும் உரிக்காமலும் என் வாயில் திணித்தாள். கன்னமெல்லாம் முத்தம், கண்ணீர்.

எனக்கும் நல்ல பசி. இத்தனை அமர்க்களத்தில் நான் சாப்பிடாதது சித்திக்கு மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறதே, என்மேல் எவ்வளவு பிரியம் என்று பூரித்துப்போய், முழுப் பழத்தையும் தின்று முடித்தேன்.