எஸ்தரும் குயவன் வசனமும்

1. கோணல் மேய்ப்பர்கள்

கிறிஸ்துமஸ் குடிலுக்கான ஆர்டர் அது. காலையில் சூளைக் கதவைத் திறந்து டிராலியை வெளியே இழுத்தால், மேய்ப்பர் பொம்மை அத்தனையும் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. மாடு நேராக இருந்தது, ஒட்டகம் நேராக இருந்தது, மேய்ப்பர்கள் மட்டும் கோணல். சூளை பார்க்கும் மணி, "இன்னாக்கா, எல்லாரும் தண்ணியப் போட்டுட்டு நட்சத்திரம் பாக்க வந்துட்டாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேய்ப்பர்களை வார்த்த எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில்தான் என் ஆயுசு போனது. காஸ்டிங், அதாவது பொம்மை வார்க்கிற செக்‌ஷனுக்கு இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றேன். சரக்கு கெட்டால் யாரால் கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலையில் பாதி. சூளைக்காரரைக் கேட்டால் காஸ்டிங் சரியில்லை என்பார். காஸ்டிங்கில் கேட்டால் மண்ணு சரியில்லை என்பார்கள். மண் பேசாது என்று எல்லோருக்கும் தெரியும். நான் லேசில் விடமாட்டேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அன்றைக்குக் காரணம் சுலபமாகவே கிடைத்தது. கூழாகக் கரைத்த மண்ணை பிளாஸ்டர் மோல்டில் ஊற்றி, இறுகிய பிறகு பிரித்தெடுப்போம். அவசரப்பட்டுப் பிரித்தால், இன்னும் சுடாத அந்தப் பச்சைப் பொம்மை சாயும். விரலால் நிமிர்த்தி வைத்தால் நிற்கும், பார்வைக்குக் குறையே தெரியாது. ஆனால் சூளையில் சூடு ஏறியதும் பழைய சாய்வுக்கே திரும்பிவிடும். அதனால் சாய்ந்ததை நிமிர்த்தாமல் கரைசல் தொட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் செக்‌ஷன் சட்டம். புதிதாக வந்தவர்கள்தான் இதில் தப்புவிடுவார்கள். எஸ்தரோ பழைய ஆள்.

"நிமித்தி வெச்சியா?"

"வெச்சங்க்கா."

"ஏண்டி?"

"இப்பிடித்தான் ஆவணும்னு இருக்குதுக்கா. நம்ம கையில இன்னா இருக்குது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மோல்ட அவசரப்பட்டுப் பிரிச்சது நீயா, ஆண்டவரா?" என்றேன். அவள் அடுத்த மோல்டைத் துடைக்கப் போய்விட்டாள்.

2. நல்ல தூக்கம்

எஸ்தருக்கு ஒரே மகன், டேவிட். குடித்துவிட்டு நடந்த சண்டையில் அதே தெருப் பையனைக் கட்டையால் அடித்தான். அந்தப் பையன் செத்துப்போனான். டேவிட் கடலூர் ஜெயிலில் இருந்தான். தொடக்கத்தில் எஸ்தர் தவறாமல் மனு போட்டு மகனைப் பார்த்துவிட்டு வருவாள். பிறகு நின்றுவிட்டாள். உடம்புக்கு முடியவில்லை போல என்று நினைத்திருந்தேன். அன்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"போதகரய்யா குயவன் வசனத்த வெச்சுப் பிரசங்கம் பண்ணாருல்லக்கா? ஒரே மண்ணுல ஒண்ண ஒசத்தியா செய்வாரு, ஒண்ண மட்டமா செய்வாரு, மண்ணு ஏன்னு கேக்கக் கூடாதுன்னு. அன்னிக்குத்தான் எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு."

"தூக்கமா?"

"அதுவரைக்கும் நாந்தான் அவனக் கெடுத்தேன்னு கெடந்தேன். அவங்கப்பன் குடிச்சிட்டு அவன அடிக்கும்போது ஒருநாளாவது குறுக்கப் போனனா? ஸ்கூலுக்குப் போறத நிறுத்தினப்ப ஒரு வார்த்த கேட்டனா? உலகம் உண்டாவறதுக்கு முன்னாடியே ஆண்டவரு குறிச்சி வெச்சிட்டாருன்னா, அது என் தப்பு இல்லல்லக்கா?"

"சரி, அவனப் பாக்க ஏன் போவல?"

"ஆண்டவரே அவன வேணாம்னு தள்ளிட்டாரு. நான் போயிப் பாத்து இன்னா ஆவப்போவுது?"

அதே சபையில் அதே பிரசங்கத்தை நானும்தான் கேட்டேன். வீட்டுக்குப் போய் என்ன குழம்பு வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பேன். அவளுக்கு அது மருந்தாகியிருந்தது. அந்த மருந்தைப் பிடுங்கினால் பழைய பழி அவள் தலையில் ஏறும். பிடுங்காவிட்டால் ஜெயிலில் இருப்பவனுக்கு நாதி இல்லை. எந்தப் பக்கம் பேசினாலும் ஒருவர் நசுங்குவார் என்று பயமாக இருந்தது.

3. போதகர் வந்தார்

பிரசங்கம் செய்தவரே வந்து பதில் சொல்லட்டும் என்று போதகருக்குப் போன் போட்டேன். மறுநாள் மதியம் கம்பெனிக்கே வந்தார். எஸ்தரை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. காலியாகக் கிடந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"எம்மா, ஆண்டவர் ஒருத்தரப் புடிச்சா உடமாட்டாருன்னு சொல்லத்தான் அந்த வசனத்த எடுத்தேன். புள்ளைய நீங்க உட்டுடுங்கன்னு சொல்லலியே."

"அப்ப எம்புள்ளையப் புடிச்சிருக்காராங்கய்யா?"

அவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

"எனக்குத் தெரியாதும்மா. எந்த மனுஷனுக்கும் தெரியாது."

"செத்துப்போச்சே அந்தப் புள்ள? அதையும் முன்னாடியே குறிச்சித்தான் வெச்சாரா? அவங்கம்மாவ டெய்லி தண்ணி புடிக்கிற எடத்துல பாக்கறங்கய்யா. அதுக்கு நான் இன்னா சொல்றது?"

போதகர் கையிலிருந்த வேதப்புத்தகத்தைத் திறந்தார், மறுபடி மூடினார். "போதகர் படிப்புல இதப் பத்திப் படிச்சேன், பரிட்சையும் எழுதினேன். ஆனா அந்தம்மா முன்னாடி நின்னு சொல்ற மாதிரி எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

இதற்கா இவரைக் கூப்பிட்டோம் என்று எனக்குக் கோபம் வந்தது. எஸ்தர் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுன்னா, தள்ளிட்டாருன்னும் சொல்ல முடியாதுல்ல?"

"முடியாதும்மா."

"என் தப்பு இல்லன்னு?"

"அதையும் என்னால சொல்ல முடியாது. ஆனா தப்புன்னா மன்னிப்பு கேக்கலாம். உங்க புள்ளைகிட்டயே கேக்கலாம்."

மகன் கைதான நாளில்கூட அழாதவள் அப்போது அழுதாள். மண் அப்பிய கையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு என்னிடம், "லீவு குடுங்கக்கா, கடலூர் போயிட்டு வரேன்" என்றாள்.

4. பஸ்ஸில்

அவளைத் தனியே அனுப்ப மனசு வராமல் நானும் போனேன். ஜெயில் வாசலில் நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அவள் மகனைப் பார்த்துவிட்டு வந்ததும் ஊருக்குப் பஸ் ஏறினோம்.

இன்சார்ஜ் ஆகப்போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சரக்கு கெட்டால் காரணத்தைக் கண்டுபிடித்தே தீருங்கள், அதற்குத்தான் சம்பளம். கூட வேலை செய்கிறவள் தன் பிள்ளையைப் பற்றி ஏன் என்று கேட்டால், தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிடாதீர்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு அவளோடு பஸ் ஏறுங்கள். அன்றைக்கு அந்தப் போதகர் பொய் சொல்லாததால்தான் நாங்கள் இருவரும் அந்த பஸ்ஸில் இருந்தோம்.

நெய்வேலி தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டேன். "மன்னிப்பு கேட்டியா?"

"கேட்டங்க்கா. அதுக்கு அவன் ஒண்ணு கேட்டான்."

"இன்னா கேட்டான்?"

"'நான் பொறக்கும்போதே இப்பிடித்தானாம்மா?'ன்னான்."

"நீ இன்னா சொன்ன?"

எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொறந்ததும் நீ என் சுண்டு விரலப் புடிச்சிக்கிட்ட, நர்ஸம்மா இழுத்தும் உடல, அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்னு சொன்னேன்."