பூனை மாட்டிய பிரேக் பேட்

கண்ணாடிக்காரர் ஓட்டுகிற அழகைப் பார்த்தால் அது ஸ்போர்ட்ஸ் கார் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். இரண்டே இருக்கை, தரையோடு ஒட்டிய உயரம், சாவியைத் திருகினாலே உறுமுகிற எஞ்சின். அதை அவர் தூங்குகிற குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டு போவதுபோல ஓட்டுவார். சைக்கிளில் போகிறவர்கள் அவரை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதுண்டு. ஐம்பது வயதில் ஆசைக்கு வாங்கிய பழைய வண்டி. வீட்டிலிருந்து அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை, கடையிலிருந்து வீடு, அவ்வளவுதான் அதன் உலகம் என்று நினைத்திருந்தார்.

அவர் மனைவியைப் பிறந்த வீட்டில் பூனை என்று கூப்பிடுவார்கள். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மருத்துவமனையில் நோயாளிகளின் கோப்புகளைப் பராமரிக்கிற வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் காரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவாள். அவருக்கு அன்று மத்தியானம் வரை தூக்கம்.

அப்படி அவள் போய்வந்த ஒரு ஞாயிற்றுக்குப் பிறகு வந்த திங்கள் காலை. பனி விலகவில்லை. வீட்டு வாசலிலிருந்து தெரு சரிவாக இறங்கி, கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கிற இடத்தில் போய் முடியும். வழக்கம்போல அங்கே பிரேக்கை மிதித்தார். பெடல் கல் மாதிரி நின்றது. வண்டி நிற்கவில்லை. இரண்டு காலையும் வைத்து ஏறி மிதித்தார். வெள்ளைக் கோட்டைத் தாண்டி மூக்கை நீட்டிக்கொண்டு ஒருவழியாக நின்றபோது, ஒரு சிறுமியின் புத்தகப் பைக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. அவளுடைய அப்பா அவளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு, காரின் முன்கண்ணாடி வழியாக அவரையே பார்த்தார்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

ஊருக்கே கண்ணாடி போட்டுவிடுகிறவரைப் பார்த்துக் கேட்டார்.

முதல் கியரிலேயே ஊர்ந்து மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தார். முன் சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிஸ்க்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"சார், நீங்க ட்ராக்குக்குப் போவீங்களா?"

"எந்த ட்ராக்?"

"ரேஸ் ட்ராக். இந்த டிஸ்க்கப் பாருங்க, நீலம் பாஞ்சிருக்கு. தெருவுல ஓட்டி இவ்வளவு சூடு ஏத்த முடியாது. டிஸ்க்க அழுத்திப் பிடிக்கிற பேட் புதுசு, ட்ராக்குக்காகச் செஞ்சது. நல்லா சூடானாத்தான் பிடிக்கும். காலையில ஆறிக் கிடக்கிற வண்டிய எடுத்தீங்கன்னா முதல் நாலு மிதிக்குச் சும்மா தடவிக் கொடுக்கும்."

"நான் மாத்தவே இல்லையே."

"யாரோ விவரமான ஆளு மாட்டியிருக்காங்க. கிரீஸ்கூட அளவா வச்சிருக்கு. வீட்டுல வேற யாரு சார் ஓட்டுவாங்க?"

"என் மனைவி மட்டும்தான். ஆனா அவ..."

மெக்கானிக் ஸ்பானரைத் தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வண்டிக்கான சாதாரண தெரு பேட் அவரிடம் இல்லை. வர மூன்று நாள் ஆகுமாம். அதுவரை எடுத்தால் அடிக்கடி பிரேக்கைத் தொட்டுச் சூடேற்றிக்கொண்டே போகச் சொன்னார். கண்ணாடிக்காரர் அப்படியே வீட்டுக்கு ஊர்ந்தார். போன வருடம் மாற்றிய டயர் ஏன் மொட்டையானது என்று இப்போதுதான் உறைத்தது. அதற்காக அவர் திட்டாத ரோடு இல்லை.

சாயங்காலம் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் பேசிப் பார்த்த கேள்விகள் எல்லாம் காணாமல் போய், ஒன்றுதான் மிஞ்சியது.

"உங்க அக்கா வீட்டுப் பக்கம் ரேஸ் ட்ராக் இருக்கா?"

கத்தி நின்றது. "இருக்கு."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம் ஆகுது."

"பேட்டு யாரு மாத்துறது?"

"நான்தான். அக்கா வீட்டு ஷெட்டுல."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவள் வெங்காயத்தைப் பார்த்தபடியே சொன்னாள். முதலில் தெரு பேட்டோடுதான் போனாளாம். மூன்றாவது சுற்றிலேயே கருகிய வாடை வரும். ஒரு தடவை வளைவில் பிரேக் சுத்தமாகப் பிடிக்காமல் மணலுக்குள் போய்விட்டாளாம்.

"மணலுக்குள்ளயா?"

"கார்ல ஒரு கீறல் விழல. அப்புறம்தான் ட்ராக் பேட் தனியா வாங்கினேன். காலையில மாட்டிட்டு, சாயங்காலம் கழட்டிட்டு உங்களோடத போட்டுடுவேன். குனிஞ்சு குனிஞ்சு முதுகு விட்டுப்போச்சு. இந்தத் தடவை ட்ராக்குக்கும் தெருவுக்கும் ஆகும்னு ஒண்ணு கடைக்காரன் விளம்பரம் போட்டிருந்தான், வாங்கி மாட்டிக் கழட்டாம விட்டுட்டேன். நேத்து வர்ற வழியெல்லாம் நல்லாத்தான் பிடிச்சுது."

"சூடா இருந்திருக்கும்," என்றார். பிறகு காலையில் நடந்ததைச் சொன்னார்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு தூரம்?"

அவர் விரல்களை விரித்துச் சாண் காட்டினார்.  அவள் உள்ளே போய் அலமாரியில் போர்வைகளுக்கு அடியிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தாள். தெரு பேட். தினமும் அவர் போர்வை எடுக்கிற அலமாரி அது.

வெளிச்சம் மங்கும் முன் வாசலில் ஜாக்கி ஏறியது. அவர் டார்ச் பிடித்தார். கோப்புகளில் நம்பர் எழுதுகிற அந்த விரல்கள் போல்ட்டைக் கழற்றுவதை, பேட்டை அழுத்துகிற பிஸ்டனை உள்ளே தள்ளுவதை, பேட்டைச் சொருகுவதை வாயைப் பிளந்து பார்த்தார்.

"தூரத்துக்கும் படிக்கவும் ஒரே கண்ணாடி வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போறவங்க படியில தடுக்கி விழுவாங்க," என்றார். "ரெண்டு செட் வச்சுக்கோ."

"கண்ணாடி மாத்த ஜாக்கி வேண்டாம்," என்றாள். "சரி, ரெண்டே வச்சுக்கறேன். மாத்தினதும் நாலஞ்சு தடவை பிரேக்க அழுத்தி அழுத்திப் பழக்கணும். நாளைக்கு நானே ஓட்டிப் பழக்கித் தர்றேன்."

மறுநாள் வண்டியைத் தொடும் முன் அவள் நடந்தே சரிவிறங்கினாள். கணவர் சொன்ன அடையாளத்தை வைத்து, அந்த அப்பா பெண்ணோடு வருகிற வரை காத்திருந்து, கார் எங்களுடையது, தப்பு என்னுடையது என்று சொன்னாள். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கடந்து போனார்.  அந்த மாதம் அவள் ட்ராக்குக்குப் போகவில்லை.

அதற்கு அடுத்த மாதம் ஞாயிறு காலை அவரே அவளை எழுப்பிவிட்டுக் கூடவே கிளம்பினார். ஷெட்டில் அவளுடைய அக்கா தேநீர் கொடுத்துக்கொண்டே குற்றவாளி மாதிரி சிரித்தாள். ட்ராக்கில் அவர் ஹெல்மெட் போட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். நேர்ப்பாதையின் முடிவில் வளைவு வந்தது. அவள் பிரேக்கைத் தொடவில்லை. அவர் தன் பக்கத்துத் தரையை இரண்டு காலாலும் மிதித்தார். இனி செத்தோம் என்று அவர் முடிவு செய்த பிறகுதான் அவள் மிதித்தாள். வயிறு பெல்ட்டைத் தாண்டி முன்னால் போய்த் திரும்பி வந்தது. இறங்கி, டயர்கள் அடுக்கிய சுவருக்குப் பின்னால் போய்க் காலையில் குடித்த தேநீர் முழுவதையும் கொட்டினார். இந்த ஜென்மத்துக்கு இது போதும் என்று சொல்லிவிட்டார்.

இப்போதும் மாதாமாதம் போகிறார். ஏறுவதில்லை. வேலியோரம் நின்று, அந்த வளைவு வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள் பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

"அந்த ரெண்டு சீட்டு வண்டிய ஓட்டுறது யாருங்க?"

"என் வீட்டுக்காரி," என்றார். எஞ்சின் உறுமலில் அது அமுங்கிப்போனது. இன்னும் உரக்க மறுபடி ஒருமுறை சொன்னார்.