அரிசி நீள மின்னல்

என் மருமகள் மின்னலையே கையில் பிடிப்பவள். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். அது அரிசி நீள மின்னல்தான். கப்பல் பட்டறையில் வேலைக்குச் சோதனை வைத்த அன்று, பதற்றத்தில் வெல்டிங் ராடை இரும்போடு அழுத்திவிட்டாள். இரண்டு முறை ஒட்டிக்கொண்டது.

"இன்னொரு தடவை ஒட்டினா வீட்டுக்குப் போம்மா," என்றார் மேஸ்திரி.

வாசலில் நின்ற நான், "தொட்டதும் தூக்குடி!" என்று கத்தினேன். ஓர் அரிசி நீளம் தூக்கினாள். அந்தச் சின்ன இடைவெளியில் மின்சாரம் காற்று வழியே தாவ, அந்தச் சூட்டில் ராடும் இரும்பும் உருகிக் கலந்தன. ராடின் பூச்சு புகைந்து, உருகியதைக் காற்று அண்டாமல் காத்தது. ஆறியதும் மேலே படிந்த கசடை மேஸ்திரி தட்டிவிட்டுப் பார்த்தார்; ஒரு துளைகூட இல்லை. வேலை கிடைத்தது.

நான் இதை எழுதுவதை எட்டிப் படித்த மருமகள் சிரித்தாள். "அத்தை, நீங்க வீட்டுல குறட்டை விட்டுக்கிட்டிருந்தீங்க. கத்தினது அந்த மேஸ்திரிதான்!"