கடைசிப் படமும் பங்குக் கிணறும்

என்னுடைய சித்தப்பா நாள் பார்த்துத்தான் செத்தார். இன்றைக்கும் நான் அப்படித்தான் சொல்வேன். வெள்ளிக்கிழமை படம் வருகிறது. செவ்வாய்க்கிழமை விடிய, பக்கத்து வீட்டு வளவில் ஒப்பாரி கேட்கிறது. வேறு எந்தக் கிழமையும் அந்த மனுசனுக்குக் கிடைக்கவில்லையா?

படம் என்றால் சும்மா படம் இல்லை. மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது தொடங்கிய கதை. ஐந்து பாகம் வந்துவிட்டது, இது ஆறாவது, இதோடு முடிகிறது. ஒரு குடும்பம்; அவர்கள் வீட்டுக் கிணற்றுக்குள் வாளியில் ஏறி இறங்கினால் அடியில் ஒரு இராச்சியம். முதற்பாகத்தை இரவல் சீடீயில் பார்த்தோம். நடுவில் சீடீ நின்று நின்று ஓடியதில் பூதத்தின் தலை மட்டும் கால்மணித்தியாலம் திரையில் நின்றது. இரண்டாம் பாகத்திலிருந்து யாழ்ப்பாணம் டவுன் தியேட்டர்தான். நான், மனைவி, மகள் மூன்று பேரும் போவோம். படம் முடிய ஐஸ்கிரீம் குடிப்போம். பிறகு ஒரே மோட்டார் சைக்கிளில் உடுவிலுக்குத் திரும்பும்போது, நடுவில் இருக்கும் மகள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து முழுக் கதையையும் எனக்கே திருப்பிச் சொல்வாள். நானும் அதே படத்தைத்தானே பார்த்தேன் என்று ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

ஐந்தாம் பாகத்தின் முடிவில் பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு, பூதம் பின்னால் ஏறாமல் இருக்கத் தாய் கயிற்றை அறுத்துவிடுகிறாள். அவள் கிணற்றுக்குள்ளேயே நிற்கிறாள். அதோடு வெளிச்சத்தைப் போட்டுவிட்டார்கள். படக் கம்பனிக்காரன் அடுத்த வருடம் என்றான். பிறகு அதற்கும் அடுத்த வருடம் என்றான். பொய்யன். மகள் ஓ.எல். எழுதி, ஏ.எல். எழுதி, கனடாவில் படிக்க விசாவும் எடுத்துவிட்டாள்; கிணற்றுக்குள் நின்ற தாய் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

கடைசியில் திகதி வந்தது. வெள்ளி படம், அடுத்த புதன் மகளின் விமானம். சனிக்கிழமை பின்னேரக் காட்சிக்குப் போனிலேயே மூன்று ரிக்கெற் எடுத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவள் போகமுதல், முன்பு இருந்தது போல மூன்று பேரும் ஒரு வரிசையில் இருந்து அந்தத் தாய் என்ன ஆனாள் என்று பார்க்கவேண்டும். திரும்பி வரும் வழியில் அவள் எனக்குக் கதை சொல்லவேண்டும்.

அதற்குள்தான் சித்தப்பா செத்தார்.

எங்களுக்கும் அவருக்கும் கதை பேச்சு நின்று கனகாலம். அப்பாவின் தம்பி. அடுத்த வளவு. கிணறு பங்குக் கிணறு. பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு என்று காணி உறுதியிலேயே இருக்கிறது. நான் மோட்டர் பூட்டினேன். தண்ணீர் வற்றுகிறது என்று இணக்கசபைக்கு முறைப்பாடு போட்டார். அங்கே கதை சரிவராமல் வேலியைப் பிடுங்கி மதில் கட்டினார். கிணற்றுக்கு மேலால் மதில் கட்ட முடியாதே. இரண்டு பக்கமும் கிணற்றுக் கட்டுக்கு ஒரு முழம் முன்னே கொண்டுவந்து நிறுத்தினார். அந்த இடைவெளியில் மட்டும் அவர் முகத்தை நான் பார்க்கவேண்டியிருந்தது. பார்த்தால் துப்பிவிட்டுப் போவார். நானும் துப்புவேன். கிணற்றடியில் பொதுவாகக் கிடந்த, உடுப்புத் தோய்க்கிற கல்லையும் ஓரிரவில் தன் பக்கம் உருட்டிக்கொண்டார். ஒரு கல்லை. அதை வைத்து அவர் என்ன கோட்டையா கட்டினார்?

செத்தவீட்டுக்கு எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாத செத்தவீட்டுக்கு நாங்கள் போகவில்லை. ஒழுங்கை றோட்டில் ஏறுகிற முகப்பில் ஒட்டியிருந்த மரண நோட்டீசைப் போய்ப் பார்த்தேன். பெறாமக்கள் என்று கனடா, சுவிஸ், ஜேர்மனியில் இருக்கிற அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லாரையும் போட்டிருந்தார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற என்னைப் போடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோசமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"நோட்டீசிலை என்ரை பேர் இல்லை. அப்ப எங்களுக்குச் செத்தவீட்டுத் துடக்கும் இல்லை. சனிக்கிழமை படத்துக்குப் போறம்."

அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் அன்றைக்கே மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் நின்றுவிட்டது.

"இஞ்சாருங்கோ, ரத்தம் நோட்டீசைப் பாத்தே ஓடுது? தகப்பன்ரை தம்பி. முப்பத்தொண்டாம் நாள் முடியுமட்டும் கோயிலுக்கே போகேலாது, படத்துக்குப் போகப்போறாராம்."

"அப்ப புதன்கிழமை பிள்ளை பிளேன் ஏறலாமோ?"

"அது படிப்பு."

"பிளேனுக்குள்ளையும் படம் போடுறாங்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டோ போறது?"

மனைவி அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் நான் சேட்டு மாற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தேன். மகள் வீட்டுச் சட்டையோடு வாசலில் நின்றாள்.

"பிள்ளை, வெளிக்கிடேல்லையே?"

"நான் வரேல்லை அப்பா."

"கொம்மா சொன்னவளோ?"

"இல்லை. நான்தான். சின்னப்பப்பாவுக்கு நான் துடக்குக் காக்கிறன்."

சித்தப்பாவை அவள் முறை சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எங்கே பழகினாய் என்று கேட்டேன். கிணற்றடியில் என்றாள். நான் சுன்னாகத்தில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்த நேரங்களில், ஒவ்வொரு படத்துக்கும் அடுத்த நாள், அவள் எங்கள் பக்கக் கிணற்றுக் கட்டில் ஏறி இருந்து அவருக்குக் கதை சொல்லியிருக்கிறாள். ஐந்து பாகமும்.

"அவர் அந்தத் தோய்க்கிற கல்லிலை இருந்து கேப்பார். போன கிழமையும் கேட்டவர், தாய் மேலை வந்தவளோ எண்டு. படம் இன்னும் வரேல்லை எண்டன். வந்தாப்போலை சொல்லு பிள்ளை எண்டவர்."

எனக்கு வந்த ஆத்திரத்தை மறைக்க மாட்டேன். என் படம். என் பிள்ளை. மதிலைக் கட்டி, கல்லை உருட்டி, என்னைக் கண்டால் துப்பின மனுசன், என் பிள்ளையின் வாயால் ஐந்து படத்தையும் கல்லில் குந்தியிருந்து கேட்டு முடித்திருக்கிறார். அடுப்படிப் பக்கம் பார்த்தேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரியும்.

"உந்தாளுக்காகவோ நீ என்னோடை வரமாட்டாய்?" என்றேன்.

"அவருக்குச் சொல்லுறன் எண்டு சொன்னனான் அப்பா. சொல்ல ஏலாமல் போச்சு. இப்ப எப்பிடி அங்கை போய் இருந்து சிரிக்கிறது?"

"அப்ப நான்?"

அவள் அழத் தொடங்கிவிட்டாள். மோட்டார் சைக்கிளை உள்ளே தள்ளினேன். போனில் வந்த ரிக்கெற். கோபத்துக்குக் கிழித்துப் போடவும் வழி இல்லை. தனியப் போய்ப் பாருங்கோ என்று மனைவி சொன்னாள். எனக்கென்ன விசரா, மூன்று கதிரையில் ஒன்றில் இருந்து மற்ற இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்க?

புதன்கிழமை மகள் போனாள். விமான நிலையத்தில் அவள் என்னைக் கட்டிப்பிடித்தபோதும் என் கோபம் ஆறவில்லை. அதை அவளிடம் காட்டவும் இல்லை. திரும்பி வரும் வாகனத்தில் சித்தப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். சாரதி யாரோ உயிரோடு இருக்கிற ஆள் என்று நினைத்து, பொலிசில் ஒரு என்ட்ரி போடுங்கோ அண்ணை என்றான்.

துடக்கு முடிந்தபோது இங்கே தியேட்டரிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வெட்டுக்குத்துப் படம் ஒன்று ஓடியது. இன்டர்நெற்றில் வரும், பொறுங்கோ என்று கடைக்கு வரும் பொடியங்கள் சொன்னார்கள். தனிய இருந்து பார்க்கிறதென்றால் அது எங்கே வந்தால் எனக்கென்ன?

ஒரு காலை கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மகள் போன் எடுத்தாள். அங்கே அவளுக்குப் பின்னேரம்.

"படம் பாத்திட்டன் அப்பா. இஞ்சை ஒரு சின்னத் தியேட்டரிலை இன்னும் ஓடுது."

"ஆரோடை போனனீ?"

"தனியத்தான்."

கேட்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் பிடிவாதமாக இருந்தேன். நல்லது, குளிருக்கு ஏதும் போட்டுக்கொண்டு போ என்று சொல்லி வைத்துவிடலாம். ஆனால் வாய் நிற்கவில்லை.

"தாய் மேலை வந்தவளோ?"

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பொறுங்கோ அப்பா. முதலிலை இருந்து சொல்லுறன்."

அவள் முதலில் இருந்து தொடங்கினால் எவ்வளவு நேரம் போகும் என்று எனக்குத் தெரியும். எனக்கு முழங்கால் வருத்தம், நின்றுகொண்டு கேட்க ஏலாது. கிணற்றுக் கட்டும் ஈரம். எங்கள் பக்கம் இருக்க வேறு ஒரு இடமும் இல்லை. கட்டைப் பிடித்துக்கொண்டு மதில் முடிகிற இடைவெளியால் அந்தப் பக்கம் போனேன். அந்த மனுசனைத் திட்டிக்கொண்டே தோய்க்கிற கல்லில் இருந்தேன்.

"ம், சொல்லு பிள்ளை" என்றேன்.