மயில் பூட்டுக்கு மயில் சாவி

ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளரைத் தெருவே ‘பூட்டு சார்’ என்றது. அதை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். தெரு அந்த எண்ணத்தில் கொடுக்கவில்லை.

முன்னறை முழுக்கக் கண்ணாடி அலமாரி. உள்ளே சித்திரவேலை செய்த பழங்காலப் பித்தளைப் பூட்டுகள், பக்கத்திலேயே சாவிகள். ஜோடி சேர்த்ததில்தான் சாரின் மேதைமை. மீன் பூட்டுக்கு மீன் வால் சாவி, மயில் பூட்டுக்கு மயில் தலைச் சாவி. பொருத்தம் பார்த்தாரே தவிர, ஒன்றையும் போட்டுப் பார்த்ததில்லை. திறந்து பார்ப்பது திருடனின் புத்தி என்பது அவர் ஆராய்ச்சி முடிவு.

அவருடைய ஒரே ஆசை, அருங்காட்சியகத்தில் தன் பெயரில் ஓர் அறை. அவர் நச்சரிப்புத் தாங்காமல் அங்குள்ள அதிகாரியம்மா நேரிலேயே வந்துவிட்டார்.

“எல்லாம் அதோட அதோட சாவிதானா சார்?”

“முகஜாடை தெரியலையாம்மா? தாயும் புள்ளையும் மாதிரி இருக்கு!”

“ஒண்ணைத் திறந்து காட்டுங்களேன்.”

“நல்லா கேளுங்கம்மா,” என்றார் கதவோரம் நின்ற மனைவி. “நான் கேட்டா ரசனை கெட்டவ.”

சார் மனைவியை முறைத்துவிட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் மயில் பூட்டை எடுத்தார். பூட்டினால்தானே திறக்க? நாற்காலியில் அதிகாரியம்மாவின் பை இருந்தது. அவர் வேண்டாம் என்பதற்குள், இரண்டு ஜிப் வளையங்களையும் கோத்து அழுத்தினார். டக்!

“இந்த நாதம் இப்போ வர்ற பூட்டுக்கு வருமா?”

நாதம் வந்தது. சாவிதான் போகவில்லை. திருப்பிப் போட்டார், ஊதிப் போட்டார். மீன் வாலைக்கூட நுழைத்துப் பார்த்தார்.

“புது ஆளுன்னதும் கூச்சப்படுது.”

“சார், என் போன், வண்டிச் சாவி எல்லாம் பைக்குள்ள.”

“எண்ணெய் ஊத்துங்க, இல்ல அறுத்துடுங்க,” என்றார் மனைவி.

“அறுக்கறதா? அது கலைப்பொருள்டி!”

அதிகாரியம்மா பையை அப்படியே அணைத்துக்கொண்டு எழுந்தார். “எங்க மியூசியப் பட்டறையில ரம்பம் இருக்கு.”

சார் வாசல்வரை ஓடினார். “அப்போ அந்த அறை...?”

“ஒரு சாவியாவது போகட்டும் சார், அப்புறம் பேசலாம்.”

மறுநாள், அலமாரியில் மயில் சாவிக்குப் பக்கத்து வெற்றிடத்தில் ஓர் அட்டை நின்றது. சாரின் முத்தான கையெழுத்து: ‘இப்பூட்டு தற்போது அருங்காட்சியகத்தில் உள்ளது.’