வில் நகரில் ஒரு வெள்ளிக்கிழமை: சுவிஸ் எதை விற்றுப் பிழைக்கிறது?

கடந்த செப்டம்பரில் ஐந்து நாள் சுவிட்சர்லாந்து போயிருந்தேன். பனிமலை பார்க்க அல்ல. கோயம்புத்தூரில் ஆறு பேர் வேலை செய்யும் லேத் பட்டறை எனக்கு. ஒரு சுவிஸ் கம்பெனி வால்வு பாகம் ஒன்றுக்கு விலை கேட்டு நேரில் அழைத்திருந்தது. அந்த ஆர்டர் வந்தால்தான் அடுத்த வருடம் பட்டறை ஓடும்.

சூரிச் விமான நிலையத்திலிருந்து வில் ஊருக்கு ரயிலில் அரை மணி நேரம். ஸ்டேஷனில் காபி ஐந்து பிராங்க் இருபது. நம்ம காசுக்கு மாற்றிப் பார்க்காமல் குடித்துவிடுங்கள். நண்பரின் உறவினர் தயாளன் அண்ணா வீட்டில் தங்கினேன். யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார்.

மறுநாள் வெள்ளி. காலை ஏழரைக்கு அண்ணா சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். லீவா என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி, குர்ட்ஸ்ஆர்பைட். ஓடர் குறைஞ்சு போச்சு. வெள்ளியிலை வேலையில்லை. ஆனா அந்தச் சம்பளத்திலை பெரும்பங்கை அரசாங்கக் காப்புறுதி குடுக்கும்."

வேலையில்லாத நாளுக்குச் சம்பளமா! எனக்குத் தலை சுற்றியது.

"வெளிக்கிடுங்கோ, இறைச்சி வாங்கப் போவம்" என்றார். எங்கே? ஜெர்மனிக்கு! எல்லை தாண்டினால் இறைச்சி மலிவாம்; கொன்ஸ்டன்ஸ் ஊர் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. ஆளுக்கு ஒரு கிலோ இறைச்சிதான் வரியில்லாமல் கொண்டுவரலாம். நான் கூட வந்ததில் அண்ணாவுக்கு ஒரு கிலோ லாபம்.

வழியெல்லாம் நச்சரித்தேன். கடல் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி சுரங்கம் இல்லை, கூலியோ எக்கச்சக்கம். எதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்?

"பாசலிலை மருந்து, சூரிச்சிலை வங்கி, மேற்கிலை மணிக்கூடு, எங்கடை பக்கம் மெஷின்" என்று விரல் மடக்கினார். சாக்லேட்? "அது உங்களை மாதிரி வாற ஆக்களுக்கு."

பிராங்க் ஏறினால் ஜெர்மன் இறைச்சி மலிவு. அதே பிராங்க் ஏறுவதால்தான் இவர் செய்யும் சாமான் வெளிநாட்டில் விலை கூடி ஆர்டர் குறைகிறது. அப்போ சிரிப்பதா, அழுவதா? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

திரும்பும் ரயிலில் என் வால்வு டிராயிங்கை விரித்தேன். எட்டிப் பார்த்த அண்ணாவின் முகம் மாறியது.

"இது நான் செய்யிற சாமான். எங்களிட்டை வாங்கிற கொம்பனி, இப்ப உங்களிட்டையோ கேக்கினம்?"

ஓடும் ரயிலிலிருந்து இறங்கிவிடலாம் போலிருந்தது. இவர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு இவர் வேலைக்கே விலை சொல்ல வந்திருக்கிறேன். அண்ணா என் பேனாவை வாங்கி ஓரிடத்தை வட்டமிட்டார்.

"இந்தத் துளையிலை வெட்டின உலோகப் பிசிர் நிக்கும். கையாலை எடுக்கோணும், இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவினம்."

போகிறவர்களுக்கு: ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள், மதியச் சாப்பாட்டை சூப்பர் மார்க்கெட்டில் முடியுங்கள், ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது. இந்த நாட்டின் பொருளாதாரத்தை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கம்பெனியில் பேசிவிட்டு ஊர் திரும்பி, செவ்வாயன்று விலையை அனுப்பினேன். புதனன்று அண்ணாவிடமிருந்து வாட்ஸ்அப்: "தம்பி, விலையைக் குறைச்சுப் போடாதேங்கோ. அது லேசான வேலையில்லை."

நான் குறைத்துத்தான் போட்டிருந்தேன்.